சிவப்பு வெண்கட்டி

ஜிப்சம் பலகை அடிக்குமுன்
தூண்களைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.
அது என் வேலை.
கொம்பனித்தெரு, முப்பத்தோராம் மாடி,
கண்ணாடி இன்னும் பூட்டாத பக்கம்.
பேரை வாவியின் பச்சை நாற்றம்
லிஃப்ட் இல்லாமலே ஏறி வந்துவிடுகிறது.

பதினான்காம் தூணில்
சிவப்பு வெண்கட்டியால் எழுதியிருந்தது.
(சிவப்பானாலும் எங்கள் வாயில் அது வெண்கட்டிதான்.)
"பொகவந்தலாவ செட். நாங்கதான் தூக்கினோம்."
கீழே ஐந்து பெயர்.
ஆறாவதை யாரோ ஈரக் கையால் அழித்திருக்கிறார்கள்.
அவனே அழித்ததாகவும் இருக்கலாம்.

குஃபுவின் பிரமிட்டில் அரசன் அறைக்கு மேலே
பாரம் பிரிய ஐந்து பொந்து விட்டார்கள்,
மனிதர் பார்ப்பதற்கல்ல.
அங்கே கற்களில் செங்காவியால்
இழுத்தவர்களின் கூட்டப் பெயர்கள்.
சில தலைகீழாக இருக்கின்றனவாம்:
கல் ஏறுமுன்னே எழுதியவை.
வேறொரு பிரமிட்டில்
'மென்கவுரேயின் குடிகாரர்கள்' என்று ஒரு கூட்டம்.
மன்னனை வைத்து அப்படி எழுதத்
தைரியம் வேண்டும், அல்லது நல்ல பியர்.

கணக்குப் பார்ப்பவள் நான்.
ஒரு முழம் உயர்ந்தால்
ஐந்தரை உள்ளங்கை அகலம் உள்ளே போ.
அவ்வளவுதான் சூத்திரம்.
நாலு பக்கமும், வருஷக் கணக்கில்,
மணற்காற்றிலும் மாறும் மேற்பார்வையாளர்களிடையிலும்
பிசகாமல் அதைப் பிடித்திருக்க வேண்டும்.
எங்கள் லேசர் மட்டமோ பத்தொன்பதாம் மாடியில்
பதினாறு மில்லிமீற்றர் தவறியது.
நிஸ்தார் பாஸ் தூக்குக்குண்டை இறக்கிக் காட்டினார்,
ஒன்றும் சொல்லாமல்.
நான் கடிதம் எழுதினேன், மூன்று பிரதி.

கூலி என்றால் பாண்.
அங்கேயும் பாண், பியர், வெங்காயம்.
இங்கே பாணும் பருப்பும்,
பேப்பரில் சுற்றிய கட்டைச்சம்பலும்.
டொலர் இல்லாத அந்த வருஷம்
பாண் விலை கிரேனைவிட வேகமாக ஏறியது.
பிறகு கிரேனும் நின்றது.
பதினேழு மாதம் கழுத்தை நீட்டியபடி.
நுனியில் ஒரு கூழைக்கடா.

பிரமிடுகளின் காலம் முடிந்து
ஆயிரம் ஆண்டுக்கும் மேலான பின்,
மலைக்குள் மன்னர் கல்லறை குடைந்தவர்கள்
மாதத்தில் பதினெட்டு நாள் கழிந்தும்
தானியம் வரவில்லையென்று
உளியை வைத்துவிட்டு
ஒரு கோயிலின் பின்னால் போய் உட்கார்ந்தார்களாம்.
எழுத்தர் ஒருவர் அதைத் தேதியோடு குறித்திருக்கிறார்.

எங்கள் கேற்றில் உட்கார்ந்தவர்கள் நாற்பத்துமூன்று பேர்.
முன்னால் மரியசீலன், கம்பி வளைக்கிறவன்,
தலைக்கவசத்தை மடியில் கவிழ்த்து வைத்து
"பதினொரு நாள் சம்பளம்" என்றான்.
தண்ணீர் குடித்தான்.
மழை வந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

எழுத்தராக அங்கே இருந்தது நான்தான்.
தேதி குறிக்கவில்லை.
மேலிடம் வாட்ஸ்அப்பில் கேட்டது: எத்தனை பேர்?
எண்ணி அனுப்பினேன்.

இனித் தூண்.
மிஞ்சிய ஐந்து பெயரில் மரியசீலன் இல்லை.
அழிந்ததன் முதலெழுத்து
'ம' போலவும் இருக்கிறது, 'ய' போலவும்.
அவன் இப்போது கட்டாரில் என்கிறார்கள்,
அங்கேயும் கோபுரம்தானாம்.

குறைப் பட்டியலில் அதற்கென்றே ஒரு வரி உண்டு:
கறை, கிறுக்கல். அகற்றுக.

பலகை அடிக்கும் பையன்
ஸ்குரூக்களை உதட்டில் கவ்விக்கொண்டு நிற்கிறான்.
"மிஸ், மூடவா?"

பையில் என்னிடமும் ஒரு சிவப்புப் பேனா.
அந்த எழுத்தை முழுசாக்கலாம் என்று
மூடியைக் கழற்றினேன்.
அழித்தது அவன் என்றால்?
தெரியவில்லை. மூடியைப் பூட்டினேன்.

தூண் பதினான்கு: சரி.

முதல் ஸ்குரூ இறங்கியது.
வெள்ளைத் தூள் என் சப்பாத்திலும்
பையனின் வெறுங்காலிலும்.
"சப்பாத்து எங்கே?" என்று கேட்டேன்.
"தரவில்லை மிஸ்" என்றான், ஸ்குரூவோடு.